தீக்கு முன், தீக்குப் பின்: ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 1928 ஒலிப்பதிவுகளைக் கொழும்பிலிருந்து ஆராய்தல்

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் "ஆரம்பகாலத் தட்டு" என்று விலை சொல்லப்படுபவை பெரும்பாலும் 1934க்குப் பிற்பட்டவை. அந்த ஆண்டு டிசம்பரில் பாரிஸில் உல்ட்ராஃபோன் நிறுவனத்துக்காக அவருடைய ஹொட் கிளப் ஐவர் குழு பதிந்த நான்கு பக்கங்களைத்தான் (தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு பாட்டு) பலர் முதற் பதிவாகக் கொள்கிறார்கள். உண்மையில் அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் முந்தி, 1928இல். அப்போது வயது பதினெட்டு. கையில் இருந்தது கிட்டார் அல்ல, பான்ஜோ. குழுவை நடத்தியவர் ழான் வெசாட் என்ற அக்கோடியன் கலைஞர். லேபலில் ஜாங்கோவின் பெயர் "ஜியாங்கோ ரெனார்" என்று அச்சாகியிருந்தது.

1928இன் பிற்பகுதியில் அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பற்றியது. இடது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் சுருங்கிப்போயின. உலகம் அறிந்த ஜாங்கோ, சுட்டுவிரலையும் நடுவிரலையும் கொண்டு தனி வாசிப்பைத் திரும்பக் கட்டியெழுப்பியவர். நான்கு விரலும் இயங்கிய ஜாங்கோவைக் கேட்க இருப்பவை அந்த 1928 பக்கங்கள் மட்டுமே. ஆகவே ஒரு பக்கம் தீக்கு முந்தியதா பிந்தியதா, அதில் வாசிப்பவர் உண்மையிலேயே அவர்தானா, நம் கையில் உள்ள ஒலிநகல் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை வேண்டும்.

இந்த வேலையில் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் தட்டின் உடல், பிறகு காகிதம், கடைசியில் காது. பெயரைத் தெரிந்துகொண்டு கேட்கத் தொடங்கினால், எந்தப் பான்ஜோக்காரரிடமும் ஜாங்கோவின் கை தெரியும். பழைய பட்டியல்களில் உள்ள தவறான சேர்க்கைகளில் கணிசமானவை இப்படித்தான் நுழைகின்றன.

கொழும்பில் எது அகப்படும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பழைய வீட்டு அலுமாரியைத் திறந்தால் வருவது பிரித்தானியச் சரக்கு: எச்.எம்.வி., கொலம்பியா, டெக்கா, பார்லஃபோன். கூடவே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான இந்தியத் தட்டுகள். தட்டு வணிகம் பேரரசின் கப்பல் வழியையே பின்பற்றியது. ஜாங்கோவைத் தேடுபவருக்கு இங்கே அகப்படக்கூடியவை ஐவர் குழு லண்டனில் 1938 தொடக்கம் டெக்காவுக்குப் பதிந்தவை. பாரிஸின் முசெட் (அக்கோடியன் நடன இசை) கூடங்களுக்கு வந்துபோனவர்களுக்கென்று அச்சான 1928 அக்கோடியன் தட்டு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியிருக்கக் காரணமே இல்லை. அதைப் புறக்கோட்டையின் பழம்பொருள் கடைகளில் தேடுவது நேர விரயம்.

எனவே கொழும்பில் இருப்பவர் அந்தத் தட்டைத் தேட வேண்டியதில்லை. தட்டு வைத்திருப்பவரிடமிருந்து முறையான ஒலிநகலும் படங்களும் பெற்றால் போதும். அரக்குத் தட்டை விமான அஞ்சலில் வரவழைப்பது தேவையற்ற ஆபத்து. உடைந்தால் உலகில் எஞ்சிய மிகச் சில பிரதிகளில் ஒன்று போயிற்று.

உள்ளூரில் கிடைக்கும் 1938 டெக்கா தட்டுக்கும் ஒரு பயன் உண்டு. பதிந்த இடம், ஆண்டு, வாசித்தவர்கள் எல்லாம் ஐயமற்றுத் தெரிந்த தட்டு அது. அதைக் கொண்டு நம் தட்டுச் சுழற்றி, ஊசி, மென்பொருள் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம். தெரியாத தட்டை அளக்க முன் தெரிந்த தட்டை அளந்து, விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம்.

உள்ளூர் வரலாறு வேண்டுமென்றால், அதாவது ஜாங்கோவின் தட்டுகள் இங்கே எப்போது கடைக்கு வந்தன என்று அறிய வேண்டுமென்றால், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் டெய்லி நியூஸ், டைம்ஸ் ஒஃப் சிலோன் பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். மாதாந்தப் புதுவரவு விளம்பரங்களில் தட்டின் இலக்கமே அச்சாகியிருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை.

தேடவேண்டிய பெயர்

இணையத்து நூலகப் பட்டியல்களில் ரைன்ஹார்ட் என்று தேடினால் 1928 வராது. அன்று அவர் துணைவாசிப்பாளர். பெயர் லேபலில் வந்ததே பெரிய விடயம். அதுவும் காதால் கேட்டதை எழுதிய எழுத்து. எழுத்துக் கூட்டலை மாற்றி மாற்றித் தேடுவதைவிட, குழுத் தலைவரின் பெயரைத் தேடுவது பலனளிக்கும். இங்கே அது வெசாட். அவருடைய 1928 தட்டுகள் அனைத்தையும் எடுத்து, "பான்ஜோவுடன்" என்ற குறிப்பு உள்ளவற்றைப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றிலும் பெயர் உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அதே காலத்து இன்னொரு அக்கோடியன் கலைஞரான மார்சோ வெர்ஷுரனுக்கும் இதையே செய்ய வேண்டும்.

லேபலில் உள்ள பெயர் தவறுதலாக மட்டும் மாறுவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவில் எடி லாங், லொனி ஜோன்சனுடன் 1928, 1929இல் பதிந்த கிட்டார் இணைகள் ஓக்கே லேபலில் "பிளைன்ட் வில்லி டன்" என்ற பொய்ப்பெயரில் வெளிவந்தன. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாசித்ததை விற்பனைக்காக மறைத்தார்கள். ரெனார் என்பது அப்படியான மறைப்பல்ல, காதுக்கு எட்டியதை எழுதியது. இரண்டு வகையையும் ஒரே கட்டத்தில் எழுதினால் பின்னால் வருபவர் குழம்புவார்.

பட்டியல்களைப் பொறுத்தவரை, ஷார்ல் டெலோனே 1936இல் வெளியிட்ட ஹொட் டிஸ்கோகிராஃபி என்ற ஒலிப்பதிவுப் பட்டியல் இத்துறையின் தாய்நூல்களில் ஒன்று. ஆனால் ஜாஸ் பட்டியல்கள் பொதுவாக ஜாஸ் பக்கங்களைத்தான் கவனிக்கும். நடன இசையும் பாட்டுக்கான துணைவாசிப்பும் வேறு அறையில் கிடக்கும். 1928ஐயும் சேர்த்து முழுத் தொகுப்பாகக் கேட்க விரும்புபவருக்கு ஃப்ரெமோ நிறுவனம் டானியல் நெவரின் பொறுப்பில் வெளியிட்ட 20 தொகுதி வரிசை இருக்கிறது. முதல் தொகுதி 1928 முதல் 1934 வரை. அதன் கையேடு தொடக்கப் புள்ளியாக மிக நல்லது. ஆனாலும் அது இரண்டாம் நிலைச் சான்றுதான்.

பிரெஞ்சு நூலகங்களிடம் எழுதும்போது இதையும் மனத்தில் வைக்கவேண்டும்: பிரான்சில் தேசிய ஒலியகம் 1938இல்தான் உருவானது. 1928 தட்டு கட்டாயப் படிவைப்பின் (வெளியீட்டாளர் சட்டப்படி ஒரு பிரதி ஒப்படைப்பது) வழியாகச் சேர்ந்திருக்காது. பின்னாளில் சேகரிப்பாளர் யாரேனும் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே "உங்களிடம் இந்தத் தட்டு இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தச் சேகரிப்பிலிருந்து, எப்போது வந்தது என்றும் கேட்க வேண்டும்.

தட்டின் உடல்

லேபலுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் உள்ள வெற்றுவளையம்தான் தட்டின் பிறப்புச் சான்று. பதிவின்போது வார்ப்புத் தகட்டில் ஏற்றிய மூல இலக்கம், எத்தனையாவது எடுப்பு (ஒரே பாட்டைத் திரும்ப வாசித்துப் பதிந்த முறை) என்பதைக் காட்டும் எண், சில வேளை அச்சுத்தகட்டின் குறி ஆகியவை அங்கே இருக்கும். லேபலில் உள்ள விற்பனை இலக்கம் மறுவெளியீட்டில் மாறும். மூல இலக்கம் மாறாது. ஒரே விற்பனை இலக்கத்தில் இரண்டு வெவ்வேறு எடுப்புகள் அச்சாவதும் உண்டு. மூல இலக்கத்தைப் பார்க்காமல் "இரண்டு பிரதியும் ஒன்றே" என்று சொல்ல முடியாது.

படம் கேட்கும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். அறை விளக்கை அணைத்து, கைபேசி டோர்ச்சைத் தட்டின் மட்டத்துக்கு ஏறக்குறையக் கிடையாக, பக்கத்திலிருந்து அடிக்கவேண்டும். நேர்மேலே வெளிச்சம் விழுந்தால் கறுப்பு அரக்கில் எழுத்து தெரியாது. தட்டைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி, வளையம் முழுவதற்கும் நான்கு படம். எழுத்து மிக மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை வைத்து மென்பென்சிலால் தேய்த்து எடுக்கலாம். அந்தத் தாளைப் படம்பிடித்து அனுப்பினால் போதும். பள்ளப் பகுதியில் பென்சில் படக்கூடாது.

எச்.எம்.வி. குடும்பத்துத் தட்டுகளில் மூல இலக்கத்தின் பின்னால் சிறு முக்கோணம் இருந்தால், அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையில் மின்வழி பதிந்தது என்று பொருள். இத்தகைய குறிகளைப் பதிவேட்டில் வரைந்தே வைக்கவேண்டும். "ஏதோ குறி" என்று எழுதினால் பயனில்லை. எச்.எம்.வி.யை வெளியிட்ட கிராமஃபோன் கம்பனியின் இலக்கங்களுக்கு அலன் கெலி தொகுத்த பட்டியல்கள் இன்றும் முதல் துணை. அமெரிக்கப் பதிவுகளானால் சாந்தா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திறந்த தரவுத்தளம்.

உல்ட்ராஃபோன் நான்கு பக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவற்றின் மூல இலக்கங்கள் பி 77161 முதல் 77164 வரை தொடர்ச்சியானவை. ஆனால் அவை இரண்டு தட்டுகளில் அந்த வரிசையில் சோடி சேர்க்கப்படவில்லை. முதலாம் இலக்கமும் மூன்றாம் இலக்கமும் ஒரு தட்டில், இரண்டாவதும் நான்காவதும் மற்றதில். தட்டின் இரு பக்கங்களையும் அடுத்தடுத்துப் பதிந்தவை என்று கொள்பவர் பதிவு அமர்வின் வரிசையையே தவறாக எழுதுவார்.

மூன்று சான்றா, ஒரே சான்றா

ஒரே பக்கத்தின் ஒலி ஒரு பழைய நெடுந்தட்டிலும், ஒரு குறுவட்டிலும், இணையத்தில் ஒரு கோப்பாகவும் கிடைக்கிறது. மூன்றையும் ஒப்பிட்டு "மூன்றிலும் இதே சுருதி" என்று முடிவு கட்டுவது எளிது. மூன்றும் ஒரே பிரதியிலிருந்து வந்திருந்தால் அது ஒரே சாட்சிதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கீறல்கள் உதவும். மூன்று கோப்புகளையும் முதல் சுரத்தில் ஒன்றாகப் பொருத்தி, அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். இசையின் அதே இடத்தில் அதே வடிவிலான வெடிப்புச் சத்தம் மூன்றிலும் இருந்தால் மூலப்பிரதி ஒன்று. சத்தம் நீக்கிய கோப்பிலும் பெரிய கீறலின் வடு, சிறு பள்ளமாகவோ மங்கலாகவோ, எஞ்சியிருக்கும். அங்கேயே தேடவேண்டும்.

ஆரம் நெடுக விழுந்த கீறல் இன்னொரு தகவலையும் தரும். ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அதைக் கடக்கும். இரண்டு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, 60ஐ அதனால் வகுத்தால், நகலெடுத்தபோது சுழற்றி ஓடிய வேகம் வந்துவிடும். இடைவெளி 0.769 வினாடி என்றால் நிமிடத்துக்கு 78 சுற்று, 0.8 வினாடி என்றால் 75. பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் கைப்பிழை குறையும். யார் எங்கே எப்போது நகலெடுத்தார்கள் என்று தெரியாத கோப்பிலிருந்தும் இந்த எண்ணை மீட்கலாம். இடையில் ஒலிநாடாவில் ஏறி இறங்கிய கோப்பு என்றால், வரும் எண் எல்லாப் பிறழ்வுகளின் கூட்டு. நமக்கும் அந்தக் கூட்டுத்தான் வேண்டும்.

வேகம்

தட்டு ஓடிய வேகம் தெரிந்துவிட்டது. அது ஓடியிருக்க வேண்டிய வேகம் வேறு கேள்வி. "78" என்பது பெயரளவில்தான் ஒரு நியமம். 1920களின் பிற்பகுதியிலும் பதிவகத்துக்குப் பதிவகம் இரண்டு மூன்று சுற்று வேறுபடும். 78க்கும் 75க்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் இரண்டு அரைச்சுரம். கிட்டார் தனியாக இருந்தால் சுருதியை வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது, ஏனெனில் முறுக்காணியைத் திருப்பி எங்கும் சேர்த்திருக்கலாம். இங்கே அக்கோடியன் நமக்குக் கிடைத்த வரம். அதன் உலோக நாக்குகள் ஆலையில் தீர்மானித்த சுருதியிலேயே நிற்கும்.

ஆனால் முசெட் அக்கோடியனில் ஒரு சுரத்துக்கு ஒரே நாக்கு இல்லை. இரண்டு அல்லது மூன்று நாக்குகள், வேண்டுமென்றே சிறிது விலக்கிச் சேர்க்கப்பட்டவை. அந்த அலையும் ஒலிதான் முசெட்டின் அழகு. சாதாரண சுருதிகாட்டியை வைத்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும், காட்டும் எண் நம்பத்தக்கதல்ல. செய்ய வேண்டியது இது:

பாட்டின் முடிவில் நீண்டு நிற்கும் சுரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். குறைந்தது ஒன்றரை வினாடி. ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் அலைவரிசைப் பகுப்பாய்வில் 44.1 கிலோஹேர்ட்ஸ் கோப்புக்கு 65536 புள்ளிச் சாளரம் ஏறக்குறைய அந்த நீளம்தான். அடிச்சுரத்தை அளக்காமல் நான்காம் மேற்சுரத்தை அளப்பது நல்லது. 440இல் 3 ஹேர்ட்ஸ் விலகல் 1760இல் 12 ஹேர்ட்ஸாக விரிந்து, நாக்குகள் தனித்தனி முகடுகளாகத் தெரியும். மூன்று முகடு என்றால் நடுவில் உள்ளதையும், இரண்டு என்றால் கீழே உள்ளதையும் எடுத்து நான்கால் வகுக்கவேண்டும். முகடுகள் பிரியாமல் பரந்த மேடாகத் தெரிந்தால் தட்டின் துளை மையம் விலகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்படியானால் சுருதி வினாடிக்கு 1.3 முறை, அதாவது சுற்றுக்கு ஒரு முறை, ஏறி இறங்கும். நகலெடுப்பவர் தட்டை மையப்படுத்தி மறுபடி எடுத்தால்தான் தீரும். துளையை அரம்போட்டுப் பெருப்பிப்பது குற்றம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. கோப்பு 78 சுற்றில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஏ சுரத்தின் நடு நாக்கு 452 ஹேர்ட்ஸ் காட்டுகிறது. வாத்தியம் 440க்குச் சேர்த்தது என்றால் உண்மையான வேகம் 78 × 440 ÷ 452, அதாவது 75.9. ஆனால் பிரான்சில் 1859 முதல் அரசு நியமம் 435. அதன்படி பார்த்தால் 75.1. இரண்டு விடைக்கும் இடையே ஏறக்குறைய 20 சென்ட், ஓர் அரைச்சுரத்தின் ஐந்தில் ஒரு பங்கு. எது சரி என்று ஒரே பக்கத்தைக் கொண்டு தீர்க்க முடியாது. அதே அக்கோடியன், அதே அமர்வில் பதிந்த மற்றப் பக்கங்களையும் அளந்து, எந்த வேகத்தில் எல்லாம் ஒன்றுபடுகின்றன என்று பார்க்கலாம். வேகம் எந்த அளவு என்பதை அது சொல்லாது, அமர்வு முழுக்க ஒரே வேகத்தில் ஓடியதா என்பதைச் சொல்லும். அதுவே பெரும் உதவி.

கேட்பவருக்கு இதனால் என்ன? 75.9இல் ஓடவேண்டிய மூன்று நிமிடப் பக்கம் 78இல் ஓடினால் ஐந்து வினாடி முன்னதாகவே முடிந்துவிடும். பான்ஜோவின் வீச்சு உண்மையில் இருந்ததைவிட வேகமாகவும் கூர்மையாகவும் கேட்கும். "தீக்கு முந்திய கையின் அபார வேகம்" என்று வியந்து எழுதப்படுவதில் ஒரு பகுதி சுழற்றியின் வேலையாக இருக்கலாம்.

ஆறு நரம்பா, நான்கு நரம்பா

லேபலில் பான்ஜோ என்றே இருக்கும். அன்றைய நடனக் குழுக்களில் பரவலாக இருந்தது நான்கு நரம்புத் தெனார் பான்ஜோ. ஜாங்கோ பழகியது பான்ஜோ உடலில் கிட்டார் கழுத்துப் பூட்டிய ஆறு நரம்பு வாத்தியம். தெனார் பான்ஜோவின் வழமையான சுருதியில் அதன் மிகத் தாழ்ந்த சுரம் 130.8 ஹேர்ட்ஸ். கிட்டார்ச் சுருதியில் 82.4. ஆகவே 130க்குக் கீழே மீட்டப்பட்ட ஒரு சுரம் உறுதியாகத் தெரிந்தால், அந்தச் சுருதியில் சேர்த்த தெனார் பான்ஜோ அல்ல என்று சொல்லலாம்.

நிறமாலையில் 82 ஹேர்ட்ஸ் கோட்டை நேரே தேடினால் ஏமாற்றமே. தோல் போர்த்திய பான்ஜோ உடல் அந்தத் தாழ்சுரத்தை ஒலிக்காது, 1928 பதிவுக் கருவியும் அதைச் சரியாகப் பிடிக்காது. மேற்சுரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பார்க்கவேண்டும். 247, 330, 412 என்று 82 ஹேர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் நின்றால் அடியில் இருப்பது தாழ் ஈ நரம்பு. அக்கோடியனின் இடக்கைப் பொத்தான்களும் இதே பகுதியில் ஒலிக்கும் என்பதால் ஒவ்வொரு கோட்டின் வாலையும் பார்க்க வேண்டும். பான்ஜோவின் கோடு தொடக்கத்தில் தடித்து உடனே அற்றுப்போகும். அக்கோடியனின் கோடு துருத்தி நிற்கும்வரை ஒரே அளவில் நிற்கும்.

இந்தச் சோதனை வாத்தியத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அந்தப் பக்கங்களில் அவர் பெரும்பாலும் தாளத்துக்கு நாண் அடிக்கும் துணைவாசிப்பாளர். கையெழுத்துப்போல அடையாளம் காட்டும் தனி வாசிப்புக்கு இடம் மிகக் குறைவு. செல்மர் கிட்டாரில் 1930களில் அவர் வாசித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு 1928 பான்ஜோவை ஒப்பிடுவது முறையல்ல: வாத்தியம் வேறு, பணி வேறு, கையே வேறு. லேபலில் பெயர் அச்சாகாத ஒரு பக்கத்தைக் காதை மட்டும் நம்பி ஜாங்கோவின் கணக்கில் சேர்க்கவே கூடாது.

திகதி

முதல் அமர்வை 1928 மே என்று எழுதுவோர் உண்டு. ஜூன் 20 என்று நாளையே குறிப்போர் உண்டு. "கிரிஸ்ரி", "பாரிசெட்" ஆகிய பக்கங்கள் இந்த அமர்வைச் சேர்ந்தவை. மே என்றாலும் ஜூன் என்றாலும் அவை தீக்கு முந்தியவை, ஆகவே இந்த முரண்பாடு நம் முதற் கேள்வியைப் பாதிக்காது. தீ விபத்துக்கும் இரண்டு திகதிகள் புழக்கத்தில் உள்ளன: அக்டோபர் 26, நவம்பர் 2. இங்கே ஒரு வார வேறுபாடு உயிர்நிலை. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்துக்கு யாரேனும் வைக்கும் எந்தப் பக்கத்துக்கும் அமர்வு நாள் தட்டு நிறுவனத்தின் மூலப் பதிவேட்டிலிருந்து வந்ததா, இலக்கத் தொடரைக் கொண்டு ஊகித்ததா என்று கேட்டாக வேண்டும்.

இலக்கத் தொடரை வைத்து நாள் கணிப்பது பிழையான முறையல்ல. திகதி உறுதியான இரண்டு பதிவுகளுக்கு இடையில் விழும் இலக்கம் அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் சில நிறுவனங்கள் இலக்கங்களைக் கட்டுக்கட்டாகப் பொறியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒருவருடைய கட்டு தீர மாதங்களாகலாம். அப்போது பெரிய இலக்கம் முந்திய நாளுடையதாக இருக்கும். குறைந்தது நான்கைந்து உறுதியான அண்டை இலக்கங்கள் இல்லாமல் இந்த வழியில் நாள் எழுதக்கூடாது. எழுதினாலும் "1928, இலக்கத் தொடரின்படி" என்று சேர்த்தே எழுதவேண்டும். இந்தச் சொற்கள் அடுத்த பட்டியலில் உதிர்ந்துபோய் ஊகம் உண்மையாகிவிடுவதைப் பல தடவை காணலாம்.

தீக்குப் பின் 1931இல் லூயி வோலாவின் குழுவுடன் பதிந்தவை, 1933, 1934இல் ழான் சப்லோனின் பாட்டுகளுக்கு வாசித்தவை ஆகியவற்றையும் இதே முறையில் அணுகலாம். 1934 செப்டம்பரில் ஓடியன் நிறுவனத்துக்குப் பரீட்சார்த்தமாகப் பதிந்து நிராகரிக்கப்பட்ட பக்கங்கள், டிசம்பர் உல்ட்ராஃபோன் பக்கங்களுக்கு மூன்று மாதம் மூத்தவை. "ஐவர் குழுவின் முதற் பதிவு" என்ற சொல்லை எதற்கு வைப்பது என்பதைப் பட்டியலின் முகப்பிலேயே சொல்லிவிட்டால் விவாதம் மிச்சம்.

உள்ளூர்த் தட்டை நகலெடுக்கும்போது

வேகம் சரிபார்க்கும் வரித்தட்டை (சரியான வேகத்தில் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் தெரியும் காகித வட்டம்) இணையத்திலிருந்து அச்செடுப்பவர்கள் கவனிக்கவேண்டும். அமெரிக்க வரித்தட்டில் 92 கோடுகள். அது 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு. நம் 50 ஹேர்ட்ஸ் விளக்கின் கீழ் அது நிலையாகத் தெரிந்தால் சுழற்றி 65 சுற்றில் ஓடுகிறது என்று பொருள். நமக்கு 77 கோட்டு வரித்தட்டு வேண்டும், அது 77.92 சுற்றில் நிலைக்கும். எல்.ஈ.டி. விளக்குகள் பலவும் போதிய அளவு சிமிட்டாததால் கோடுகள் கலங்கித் தெரியும். பழைய நியோன் காட்டி விளக்கு போதும்.

நெடுந்தட்டு ஊசியை 78இல் வைக்கவே கூடாது. அதன் முனை 0.7 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) அளவு. அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் வாசிக்கும். 2.5 முதல் 3.5 மில் வரை வேறுபட்ட அளவுகளில் இரண்டு மூன்று ஊசிகள் இருந்தால், எஃகு ஊசி தேய்த்த உயரத்தைத் தவிர்த்துத் தேயாத சுவரைத் தொடும் அளவைத் தெரியலாம். கொழும்பு வீடுகளில் ஓர் எஃகு ஊசியையே மாற்றாமல் திரும்பத் திரும்பப் பாவித்த தட்டுகள் ஏராளம். அவற்றில் இந்த மாற்றம் பெரும் வித்தியாசம் தரும். இரண்டு தடத்திலும் தனித்தனியே பதிந்து, இரு சுவர்களில் எது துப்புரவோ அதை எடுக்கவேண்டும். இரண்டும் நன்றாக இருந்தால் சேர்க்கலாம். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், சத்தம் நீக்காத வேவ் கோப்பு. மூன்று நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 எம்.பி.

முன்பெருக்கியில் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு (நெடுந்தட்டுக்கான ஒலிச் சமன்படுத்தல்) பூட்டியிருந்தால் உயர்சுரங்கள் 10 கிலோஹேர்ட்ஸில் 13.7 டெசிபெல் வெட்டப்படும். 1928 காலத்து மின்பதிவுக்கு அந்த வெட்டுத் தேவையில்லை, 250 முதல் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே தாழ்சுரத்தைத் தூக்கினால் போதும். இதைக் கவனிக்காமல் எடுத்த நகலில் நரம்பின் முதல் தெறிப்பு மழுங்கி, பான்ஜோ கிட்டாரைப் போலக் கேட்கும். வாத்தியத்தையே மாற்றிச் சொல்ல வைக்கும் பிழை இது.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர், வாசனை சேராத மென்கழுவி ஓரிரு துளி, மென்தூரிகை. மதுசாரம் கலந்த எந்தத் திரவமும் வேண்டாம். அரக்கு அதில் கரையும். லேபல் நனையக்கூடாது. நடுவில் காகிதம் வைத்து அடுக்கிய கொலம்பியாத் தட்டில் விளிம்பு வெடிப்பு இருந்தால் தண்ணீரே வேண்டாம், உள்ளே இறங்கி ஊதவைக்கும். கறுப்புப் பூச்சின் கீழே அலுமினியம் பளிச்சிட்டால் அது அரக்கே அல்ல. நேரடியாக வெட்டிய ஒற்றைப் பிரதி. தொடாமல் வைத்துவிட்டு அனுபவமுள்ளவரை அழைக்கவேண்டும்.

கடலோரக் காற்றில் தட்டைவிட உறையும் லேபலும்தான் முதலில் போகும். ஆவணக்காப்பக நியமம் 20 பாகை, 40 வீத ஈரப்பதம். கொழும்பு வீட்டில் அது நடவாத காரியம். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது, போடாமலே விடுவதைவிடக் கேடு. ஈரம் தட்டில் படியும், பூஞ்சை பிடிக்கும். புதிய அமிலமற்ற உறையில், நிமிர்த்தி, இறுக்க மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஜெல் நிறம் மாறும்போது சூடாக்கித் திரும்பப் போடுவது நம் வசதிக்கு ஏற்ற வழி. பழைய உறையில் கடை முத்திரை இருந்தால் அதை எறியாமல் தனியே வைக்கவேண்டும். தட்டு எந்தத் தெருவில் விற்பனையானது என்பதற்கு வேறு சான்று இருக்காது.

பதிவேட்டில் எழுதுவது

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள். "அச்சில் உள்ளபடி" என்ற கட்டத்தில் ஜியாங்கோ ரெனார் என்றே இருக்கவேண்டும். அதைத் திருத்தினால் சான்றே அழிந்தது. "அடையாளம்" என்ற வேறு கட்டத்தில் ஜாங்கோ ரைன்ஹார்ட், பக்கத்தில் தரம். லேபலில் பெயரும் மூல இலக்கமும் இரண்டும் நேரே பார்த்தவை முதல் தரம். தட்டு நிறுவனத்தின் பதிவேட்டிலோ சமகால விளம்பரத்திலோ பெயர் உள்ளது, லேபலில் இல்லை என்றால் இரண்டாம் தரம். பின்வந்த பட்டியல் மட்டும் சொல்வது மூன்றாம் தரம். காதின் சாட்சிக்குத் தரம் கிடையாது. குறிப்புக் கட்டத்தில் எழுதலாம். வெசாட்டுடனான 1928 பக்கங்களில் லேபல் படமும் வளையப் படமும் கைக்கு வந்தவை மட்டும் முதல் தரத்தில் ஏறும். குறுவட்டில் தெளிவாகக் கேட்கிறது என்பதற்காக எதுவும் மேலே ஏறாது.

பொதுவில் பகிர்வதானால் சட்டத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 1928 ஒலிப்பதிவுகள் 2029 ஜனவரி 1 வரை காப்புரிமைக்கு உட்பட்டவை. அங்கே உள்ள சேவையகத்தில் ஏற்றுபவருக்கு இது பொருந்தும். பாட்டை இயற்றியவரின் உரிமை ஒலிப்பதிவின் உரிமையிலிருந்து வேறு. இரண்டையும் தனித்தனியே சரிபார்க்கவேண்டும்.

வேகக் கட்டத்தில் ஒரே எண்ணை எழுத வற்புறுத்தல் வரும். எழுதவேண்டாம். கீறல் இடைவெளியால் கண்ட ஓட்ட வேகம், அளந்த நடு நாக்கு, 440க்கான விடை, 435க்கான விடை, நான்கையும் எழுதி, திருத்தாத மூலக் கோப்பையும் இரண்டு திருத்திய கோப்புகளையும் சேர்த்தே வைக்கவேண்டும். அதே அமர்வின் இன்னொரு பக்கம் நல்ல பிரதியாகக் கிடைக்கும் நாளில் மறுபடி அளக்க, இந்த எண்கள் அப்படியே வேண்டும்.